விழத் தெரியாத விமானம்

போன வாரம் வீட்டில் தச்சு வேலை நடந்தது. வெள்ளானூரில் நாங்கள் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் சமையலறைச் சுவர் கொஞ்சம் சாய்வு. கட்டியவர்கள் அவசரத்தில் இருந்திருப்பார்கள். அலமாரி மாட்ட வந்த ஆசாரி, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பலகை மேல் வைத்து, "பாத்துக்கோங்க மேடம், குமிழி நடுவுல வந்துடுச்சி" என்றார். நான் பார்க்கவில்லை. போன் வருகிறது என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். போன் சமையலறை மேடையிலேயே கிடந்தது. அவரும் அதைப் பார்த்திருப்பார்.

ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே கொஞ்சம் திரவம், குறுக்கே இரண்டு கோடு. இதைப் பார்த்து ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாளா என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஒன்றை ஆரம்பித்து வேறொன்றில் போய் முடிக்கிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்திலும் இதுபோல ஒரு குழாய் உண்டு. கொஞ்சம் வளைந்தது, சிரிக்கிற வாய் மாதிரி. உள்ளே குமிழிக்குப் பதில் ஒரு கறுப்புப் பந்து. நான் விமானம் ஓட்டியதில்லை. பொருட்காட்சி ராட்டினத்தில்கூட ஏறமாட்டேன். கணவர் கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துகிற ரகம். அப்படிப்பட்டவள் இரண்டரை வருஷம், விமானம் ஓட்டப் போகிறவர்களின் கால்களைப் பார்த்துச் சரி, தப்பு என்று எழுதிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நானே சிரித்திருக்கிறேன்.

லேத் பட்டறைகளில் இரும்பைக் கடையும்போது பால் மாதிரி வெள்ளையாக ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். அதன் வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு மாடிப்படி ஞாபகம் வரும். கீழே இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப், மேலே எங்கள் சிமுலேட்டர் சென்டர். படியேறும்போது கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கீழே பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேலே தரை அதிரும். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை அது. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். "ஏளா, பறக்காத பிளேனுக்கு நீ என்ன வேலை பாக்குத?" என்று தினமும் கேட்பார்.

அது ஒரு பழைய இரட்டை இருக்கை விமானத்தின் முன்பாதி. எங்கோ ஏலத்தில் எடுத்தது. இறக்கை கிடையாது, வால் கிடையாது. எதிரே மூன்று திரை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் திரையில் ஓடுதளம் தெரியும், வயல் தெரியும், மேகம் தெரியும். நான் ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் மேஜையில் இருப்பேன்; உள்ளே மிதி அழுந்துவதும் பந்து ஓடுவதும் என் கம்ப்யூட்டரில் தெரியும். காற்றை அடிக்க வைப்பது, மழையை விடுவது, பனிமூட்டம் போடுவது எல்லாம் என் கையில். மைக்கில் கட்டுப்பாட்டுக் கோபுரம் மாதிரிப் பேசுவதும் நான்தான். கடவுள் வேலை மாதிரி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கரண்ட் போனால் அந்தக் கடவுள் கீழே போய் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிஜ விமானத்தில் அதற்கு மின்சாரமும் கிடையாது, கம்பியும் கிடையாது. திருப்பத்தில் விமானம் ஆளை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தன் எடையிலேயே உருளும். எங்கள் அறை எங்கும் நகராது. நகராத அறையில் பந்து எப்படி உருளும்? அதனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார், அதன் நுனியில் ஒரு கறுப்பு வட்டம். கம்ப்யூட்டர் சொல்கிற பக்கம் அது போகும். அடிக்கடி மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என் வேலை. கீழே பிரஸ் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பொய்ப் பந்து லேசாக நடுங்கும்.

கைப்பிடியைத் திருப்பினால் விமானம் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் திரும்பும். ஆனால் மூக்கு உடனே கூடவே வராது. ஒரு கணம் எதிர்ப்பக்கம் இழுபடும். அப்போது காலால் மிதிக்க வேண்டும். கீழே இரண்டு மிதி இருக்கும், அவை வாலில் கதவு மாதிரி நிற்கும் சுக்கானை ஆட்டும். கையும் காலும் ஒன்றாகப் போனால் பந்து நடுவில் நிற்கும். அந்தத் திருப்பத்தில் மடியில் டீ வைத்திருந்தால்கூடச் சிந்தாது என்பார்கள். கால் குறைந்தால் பந்து உள்பக்கம் சரியும். கால் அதிகமானால் வெளியே ஓடும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் காலை மிதி என்பதுதான் முதல் பாடம். எல்லாரும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். காலுக்கு அது போய்ச் சேர மாதக்கணக்காகும்.

எபனேசருக்குப் போய்ச் சேரவே இல்லை.

எபி அண்ணனூர்க்காரன். என்னைவிட ஒரு வயது பெரியவன். அப்பா மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து இறந்துபோனவர். அந்த வேலைக்குப் பதிலாக அம்மாவுக்கு அதே ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் வேலை கொடுத்திருந்தார்கள். கல்ஃபில் நர்ஸாக இருந்த அக்கா ஜெஸி, தம்பியைப் பைலட் ஆக்கியே தீருவது என்று நின்றாள். வடக்கே ஒரு ஊரில் விமானப் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. போவதற்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்ளட்டும் என்று எங்கள் சென்டரில் சேர்த்திருந்தாள்.

முதல் நாளே கதவைத் திறந்து தலையை நீட்டி என்னிடம் சண்டை.

"கைய சாச்சா அது பாட்டுக்குத் திரும்புது. பைக்குல நாம இன்னா பண்றோம், சாயறோம், அவ்ளோதான? இதுக்கு எதுக்குக் காலு?"

"பைக்குக்கு ரோடு இருக்கு. இதுக்கு ரோடு கிடையாது" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "இது பாயிண்டு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மைக்கில் கேட்கும் என் குரலை வைத்து எனக்கு டவர் என்று பெயர் வைத்தான். காலையில் நான் ஆவடியில் ஏறுவேன், அவன் அடுத்த ஸ்டேஷனில் ஏறுவான், பட்டரவாக்கத்தில் இருவரும் இறங்கி நடப்போம். ஏறியதும், "இன்னா டவர், இன்னிக்குக் காத்து எப்டி கீது?" என்பான். ஜன்னல் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்து, "இது அம்மா கழுவுன வண்டி" என்றோ, "இது வேற ஆளு, ஏமாத்திட்டான்" என்றோ தீர்ப்புச் சொல்வான். பிறகு கண்ணை மூடி, இல்லாத கைப்பிடியைப் பிடித்து, செருப்புக் காலால் ரயில் தரையை மாற்றி மாற்றி மிதிப்பான். எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்கார அம்மாக்கள் கூடையைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

அவனுடைய தவறு கடைசித் திருப்பத்தில்தான் வந்தது. இறங்கும் முன், ஓடுதளத்துக்கு நேராக வருவதற்காக விமானம் தாழ்வாக, மெதுவாகத் திரும்பும் திருப்பம் அது. பின்னாலிருந்து காற்றடித்தால் ஓடுதளக் கோட்டைத் தாண்டிப் போய்விடுவோம். அப்போது இன்னும் கொஞ்சம் சாய வேண்டும், இல்லையென்றால் இறங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எபி இரண்டும் செய்யமாட்டான். தாழ்வில் அதிகம் சாயப் பயம், மேலே போக வெட்கம். சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு, உள்பக்கக் காலை அழுத்தி மூக்கை மட்டும் இழுத்துக்கொண்டு வருவான். ஓடுதளம் திரையில் அழகாக நேரே வந்து நிற்கும். பந்து மட்டும் வெளியே ஓடிக் குழாயின் முனையில் ஒட்டிக்கொள்ளும்.

"எபி, பந்து" என்பேன் மைக்கில்.

"லைனுக்கு வந்துட்டேன்ல, வுடு டவர்."

இறங்கிவிடுவான். ஒவ்வொரு முறையும் பத்திரமாக, மெத்தென்று இறங்கிவிடுவான்.

நிஜ விமானம் அப்படி இறங்க விடாது. மெதுவான வேகத்தில், மூக்கும் கொஞ்சம் தூக்கியிருக்க, கால் அதிகமாகிப் பந்து வெளியே ஓடினால், உள்பக்க இறக்கை முதலில் காற்றைக் கைவிடும். அந்தப் பக்கமாக விமானம் புரண்டு, சுழன்றுகொண்டு விழும். உயரத்தில் இருந்தால் மீட்கலாம். கடைசித் திருப்பத்தில் அந்த உயரம் கிடையாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், படித்துத்தான். எங்கள் இயந்திரம் அதைச் செய்து காட்டவில்லை. சத்தம் போட்டு எச்சரிக்கும், மூக்கை ஒருமுறை தாழ்த்தும், பிறகு தானே நிமிர்ந்துகொள்ளும். சர்வீஸ் பார்க்க வந்த மென்பொருள் ஆளிடம் ஒருநாள் கேட்டேன். "சுழன்று விழறதெல்லாம் இதுல இல்ல மேடம். அதைப் போட்டா இந்த கம்ப்யூட்டர் தாங்காது" என்றார்.

ஓனரிடம் சொன்னேன். நல்ல மனிதர், காலையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைப்பார். "அதெல்லாம் அங்க போனா நிஜ பிளேன்ல சொல்லிக் குடுப்பாங்கம்மா. நாம எதுக்குப் பசங்கள பயமுறுத்தணும்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இதை நான் இப்போது சொல்லிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகப் பட்டது.

எபி கிளம்புகிற வாரம் மதிப்பீட்டுத் தாள் எழுதினேன். சனிக்கிழமைகளில் ஒரு ஓய்வுபெற்ற கேப்டன் வருவார். நான் பென்சிலில் எழுதி வைத்ததைப் பார்த்து, ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, பேனாவில் கையெழுத்துப் போடுவார். திருப்பங்கள் என்ற கட்டத்தில், 'கடைசித் திருப்பத்தில் கால் அதிகம். பந்து வெளியே ஓடுகிறது. கவனிக்க வேண்டும்' என்று எழுதினேன். எபி பின்னால் நின்று படித்துவிட்டான்.

"டவர், அங்க போனதும் மொத மொத இத்தத்தான் பாப்பாங்க. பாத்துட்டு இன்னா நெனைப்பான் அந்த இன்ஸ்ட்ரக்டரு?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்."

"நான் அங்க போயி கத்துக்க மாட்டேனா?"

அவன் கெஞ்சவில்லை. மேஜையில் கிடந்த ரப்பரை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினான், சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. காதலா என்று கேட்காதீர்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அதற்கு நாள் கிடைக்கவில்லை. மூன்று வரியையும் அழித்துவிட்டு, 'நன்று' என்று எழுதினேன். ரப்பர் தூளை அவன்தான் ஊதித் தள்ளினான்.

அங்கே போனபின் நாலைந்து முறை பேசினான். "இங்க பந்து நெசம்பா. குடுகுடுன்னு ஓடுது" என்றான் ஒருமுறை. கடைசியாகப் பேசியபோது அவன் தனியாகப் பறக்க ஆரம்பித்திருந்தான். கடைசித் திருப்பத்தில் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"வாத்தியார் பக்கத்துல குந்தியிருந்தா ஒழுங்கா வருது. தனியா போனா கண்ணு லைன்மேலயே பூடுது."

"பந்தைப் பாருடா" என்றேன்.

"ஆவட்டும் டவர்" என்றான். இருவரும் சிரித்தோம். எங்கள் இயந்திரம் விழாது, அங்கே இருப்பது விழும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். போனில் காசு போய்க்கொண்டிருக்கிறதே என்று வைத்துவிட்டேன்.

பதினேழு நாள் கழித்து, காலையில் நான் பந்து மோட்டாரைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தபோது ஓனர் போனோடு உள்ளே வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணனூர் பையன்" என்றார். "எறங்கும்போதாம். கடைசித் திருப்பத்துல."

பெட்டியை மூடியபடியேதான் கொண்டுவந்தார்கள். அண்ணனூர் வீட்டு வாசலில் ஷெட்டிலிருந்து வந்த பெண்கள் நீல உடுப்போடு நின்றார்கள், பாதி வேலையில் ஓடிவந்ததால் சிலர் கையில் இன்னும் ரப்பர் உறை. அவன் அம்மாவை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். யாரோ என்னைக் காட்டி, எபிக்கு மெட்ராஸில் சொல்லிக்கொடுத்த பெண் என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தவள் இல்லை என்று திருத்த அது நேரமில்லை. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தண்ணீரிலேயே கிடந்து தோல் உரிந்த கை.

"நீ சொல்லு கண்ணு. எம்புள்ள நல்லா ஓட்டுவான் இல்ல?"

"நல்லா ஓட்டுவான்மா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு தனியாக சென்டருக்குப் போனேன். பிரஸ் ஷாப்புக்கு விடுமுறை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பந்து நடுங்காமல் நின்றது. பின்காற்றைப் போட்டேன். எபி உட்காரும் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எத்தனையோ பேர் செய்வதைப் பார்த்தவள், தட்டுத்தடுமாறிக் கடைசித் திருப்பம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். இடது பக்கம் சாய்த்தேன். கோட்டைத் தாண்டிப் போக விட்டேன். இடது காலை அவன் அழுத்துவது போல அழுத்தினேன், மூக்கைத் தூக்கினேன். பந்து வலது முனைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. எச்சரிக்கைச் சத்தம் வந்தது. மூக்கு தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. எதிரே ஓடுதளம்.

மறுபடி செய்தேன். இன்னும் அழுத்தி, இன்னும் மெதுவாக. நிமிர்ந்துகொண்டது. மிதி தரையைத் தொடுமளவு மிதித்தேன். "விழு" என்று வாய்விட்டே சொன்னேன். அது விழவில்லை. மதியம்வரை அங்கேயே இருந்தேன். அவன் எந்த மண்ணில் விழுந்தானோ அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் தாண்டி, அந்த இயந்திரம் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஓடுதளத்துக்கு முன்னால் நிறுத்தியது.

திங்கட்கிழமை ஒரு அட்டையில், 'இந்த இயந்திரம் விழாது. விமானம் விழும்' என்று பெரிதாக எழுதிப் பந்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஓனர் கிழித்தார். மறுநாள் வேறு எழுதி ஒட்டினேன். மூன்றாவது அட்டையை சனிக்கிழமை வந்த கேப்டன் பார்த்தார். ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றவர், "இது இருக்கட்டும்" என்றார் ஓனரிடம். எபியின் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

விசாரணை அறிக்கை ஒரு வருஷம் கழித்து வந்தது. தாழ்வான உயரத்தில் ஒருங்கிணையாத திருப்பம், கட்டுப்பாடு இழப்பு என்று இருந்ததாக ஓனர் சொன்னார். எங்கள் சென்டரின் பெயரோ அந்தத் தாளோ அதில் இல்லை. யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

கேட்டவள் ஜெஸி ஒருத்திதான். லீவில் வந்தவள் நேராக எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். எபி முகம்தான், சிரிப்பு இல்லாமல். அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார வேண்டும் என்றாள். உட்கார வைத்தேன். அவன் செய்ததைச் செய்து காட்டச் சொன்னாள். பக்கத்து இருக்கையிலிருந்து காட்டினேன். விமானம் நிமிர்ந்தது, இறங்கியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரையும் சொன்னேன்.

ஜெஸி பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அழிக்காம இருந்தா, அங்க அதைப் படிச்சிருப்பாங்களா?"

"தெரியாது."

"படிச்சிருந்தா திருத்தியிருப்பாங்களா?"

"தெரியாது."

"இந்தத் தெரியாதுங்கறத என்னால தாங்க முடியாது" என்றாள். "உங்களால முடியுதா?"

நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். படியிறங்கும் முன் திரும்பி நின்றாள். "அவன் நல்லா ஓட்டுவான்னு அம்மாகிட்ட சொன்னீங்களாம். அதத்தான் அவங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறாங்க. அது அப்டியே இருக்கட்டும். அவங்ககிட்ட எதையும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் வேலை மாறிய பிறகும் தினமும் அண்ணனூரைத் தாண்டித்தானே ரயில் போகும். ஷிஃப்ட் முடிந்து பிளாட்பாரத்தில் நிற்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டால் கையைப் பிடித்துக்கொள்வார். கூட நிற்கும் பெண்களிடம், "இதான் அந்தப் பொண்ணு. எபி எப்டி ஓட்டுவான்னு நீயே சொல்லு இவங்களாண்ட" என்பார். சொல்வேன். நல்லா ஓட்டுவான். வருஷக்கணக்கில், ரயில் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில், எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிறகு எதிர்ப்பக்க ஜன்னலில், முகத்தை மறைத்துக்கொண்டு உட்காரப் பழகினேன். சில நாள் ஜன்னல் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். யார் கழுவிய வண்டி என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் ரிட்டயர் ஆன மாதம். ஜெஸியோடு வெளிநாட்டுக்கே போகிறார் என்று கேள்விப்பட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணனூர் வீட்டுக்குப் போனேன். பாதி வீட்டை மூட்டை கட்டியிருந்தார்கள். ஜெஸி கடைக்குப் போயிருந்தாள். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு. யாராண்டயும் கேட்டதில்ல. வுழறப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. இல்லைம்மா, கண் மூடித் திறக்கிற நேரம், ஒன்றும் தெரிந்திருக்காது என்ற பதில். எல்லாரும் சொல்கிற பதில். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என்னால் அது முடியவில்லை.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றேன். "கொஞ்ச நேரம்தான். ஆனா தெரிஞ்சிருக்கும்."

அவர் அழவில்லை. டம்ளர் விளிம்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"எல்லாரும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் சொன்னாங்க. ஜெஸிகூட. நீ ஒருத்திதான் உள்ளத சொன்ன." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மொதல்ல நீ சொன்னதும் நெசந்தான். நல்லாத்தான் ஓட்டியிருக்கான் எம்புள்ள" என்றார்.

வாயைத் திறந்தேன். கேட் சத்தம் கேட்டது, ஜெஸி வந்துவிட்டாள். நான் காபியைக் குடித்து முடித்தேன்.

எஸ்டேட்டில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை. ஒரு ஐ.டி. கம்பெனியின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. சென்டர் அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. இயந்திரத்தை ஓனர் பழைய இரும்புக்குப் போட்டார். மிதி இரண்டையும் கழற்றி வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அண்ணனூர் வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஷெட்டில் பெட்டி கழுவ மெஷின் வந்துவிட்டது என்றார்கள், எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி இருக்கிறது. அந்த அம்மா போன வருஷம் ஜெஸி வீட்டிலேயே இறந்துபோனார். ஜெஸி இரண்டு வரியில் செய்தி அனுப்பியிருந்தாள்.

இப்போது நான் ரயிலில் எந்தப் பக்க ஜன்னலிலும் உட்காரலாம். அண்ணனூரில் வண்டி நிற்கிறது, கிளம்புகிறது. எபி எப்படி ஓட்டுவான் என்று சொல்லச் சொல்லி என் கையைப் பிடிக்க யாரும் வருவதில்லை.